வளைகுடாவில் சட்டம் மாறியது. சபராளிக்கு என்ன மாறியது?



நமது டிரஸ்ட்டுக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி இவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் வரும் விண்ணப்பம், விசா செலவுக்கான வட்டியில்லாக் கடன். விண்ணப்பத்தோடு வருகிறவர்கள் கொஞ்ச காலமாக ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்: “இப்ப அங்க கபீல் முறையெல்லாம் எடுத்துட்டாங்க பாய். முன்ன மாதிரி இல்ல.” வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் காட்டுகிறார்கள்.

அந்தச் செய்தி பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. பஹ்ரைன் 2009-லேயே கபீல் முறையை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. கத்தார் 2016 டிசம்பரில் அறிவித்தது; 2020-ல் மறுபடியும் அறிவித்தது. ஒரு தடவை ஒழிந்தது ஏன் இரண்டாவது தடவையும் ஒழிய வேண்டியிருந்தது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டாமா? 2015-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றிருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் பெரும் பங்கினர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அந்த நாடுகள் போடும் சட்டம் ஒவ்வொன்றும் நம் வீட்டு அடுப்பு வரை வருகிறது. எனவே அந்தச் சட்டங்கள் சொன்னதைச் செய்தனவா, யாருக்குப் பலன் கொடுத்தன, யாரை விட்டுவிட்டன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. மதரஸாவில் ஃபிக்ஹு கிதாபு ஓதியவர்களுக்கு ‘கஃபாலா’ பாடம் நினைவிருக்கும். கடன்பட்டவனுடைய பொறுப்பைத் தன் பொறுப்போடு சேர்த்துக்கொள்பவன்தான் கஃபீல். கடன்காரன் கொடுக்காவிட்டால் கஃபீலின் கழுத்தில் விழும். சுமை முழுவதும் அவனுக்கு; தூக்கி நிறுத்தப்படுபவன் மற்றவன். அனாதைக் குழந்தையை ஏற்றுக்கொள்வதற்கும் இதே சொல்தான். வளைகுடாவின் தொழிலாளர் முறையில் இது தலைகீழாகப் போயிற்று. தொழிலாளியின் இகாமா, வேலை மாற்றம், ஊர் திரும்புதல் எல்லாம் கபீலின் கையில் இருந்தன; பொறுப்பு என்று வரும்போது அவர் கையை விரித்துவிடலாம். மார்க்கத்தில் உள்ள ஒரு நல்ல ஏற்பாட்டின் பெயரை இதற்கு வைத்தது வேதனையான விஷயம்.

அடுத்து, ஒரு நாடு வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றிச் சட்டம் போடும்போது அதன் நோக்கம் நம் நோக்கமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. தன் நாட்டு இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்று போடலாம். வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைக்கப் போடலாம். உலகத்தின் முன் நல்ல பெயர் எடுக்கவும் போடலாம். தொழிலாளியைக் காப்பாற்றுவதற்கென்றே போடுவதும் உண்டு. ஆகவே ஒரு சட்டம் ‘வெற்றி’ என்று அந்த நாட்டு அமைச்சர் சொன்னால், எந்த நோக்கத்தில் வெற்றி என்று பார்க்க வேண்டும்.

சவூதியின் நிதாகத் இதற்கு நல்ல உதாரணம். 2011 ஜூனில் வந்தது. எத்தனை சவூதிகளை வேலைக்கு வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் குறித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பிளாட்டினம். சிவப்பில் இருப்பவருக்குப் புது விசா கிடையாது, இகாமா புதுப்பிக்க முடியாது. பச்சையில் இருப்பவர் சிவப்பு நிறுவனத்தின் ஆளை, அந்த முதலாளியின் சம்மதம் இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். இதன் பலனை ஒரு பொருளாதார ஆய்வு நிறுவன வாரியாகக் கணக்கெடுத்துப் பார்த்தது. 16 மாதத்தில் கூடுதலாக 63,000 சவூதிகளுக்கு வேலை கிடைத்தது. அதே காலத்தில் இந்தத் திட்டத்தின் காரணமாகச் சுமார் 11,000 தனியார் நிறுவனங்கள் மூடப்பட்டன. அரசாங்கத்தின் ஏட்டில் முதல் எண் வரவு. மூடிய நிறுவனத்தில் வேலை பார்த்தவன் வீட்டு ஏட்டில் என்ன எழுதுவது?

அந்த 63,000-த்திலும் எல்லாம் உண்மையான வேலை என்று சொல்ல முடியாது. நிறத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொந்த நாட்டவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே இருக்கச் சொன்ன நிறுவனங்கள் இருந்தன. அதனால்தான் அரசு பிறகு, மாதம் 3,000 ரியால் சம்பளம் இருந்தால்தான் ஒருவரை முழு ஆளாகக் கணக்கில் எடுப்போம் என்றது. 2021-ல் அதை 4,000 ஆக்கியது. எண்ணிக்கையை மட்டும் கேட்கும் சட்டத்துக்கு எண்ணிக்கைதான் கிடைக்கும்.

2017 ஜூலையில் குடும்ப வரி வந்தது. நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வருடம் மறக்காது. மனைவி, பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கி, வருடத்துக்கு 100 வீதம் ஏறி, 2020-ல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருடத்துக்கு 14,400 ரியால். நடுத்தரச் சம்பளக்காரர் என்ன செய்வார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஒரு பேச்சலர் ரூமில் கட்டில் வாங்கிக்கொண்டார். பள்ளிப் படிப்பின் நடுவில் பிள்ளைகள் இங்கே வந்து தமிழ் எழுதத் திணறியதை நாம் பார்த்தோம். வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கும் ஆளுக்கு மாதம் 800 ரியால் வரை வரி ஏறியது.

இதன் விளைவைப் பாருங்கள். 2017, 2018 இரண்டு வருடத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் அந்த நாட்டை விட்டுப் போனார்கள். அந்த இடங்களில் சவூதிகள் உட்கார்ந்திருந்தால் வேலையில்லாதோர் விகிதம் இறங்கியிருக்க வேண்டும். 2018 தொடக்கத்தில் அது 12.9 சதவீதம், பல வருடங்களில் இல்லாத உயரம். பிறகு அது இறங்கியது உண்மை. 2024 இறுதியில் 7 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் அப்போது வெளிநாட்டவர் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிநாட்டவர் 1 கோடியே 34 லட்சம், அதாவது மொத்த ஜனத்தொகையில் 41.6 சதவீதம். நடுவில் நடந்த பெரிய மாற்றம் சவூதிப் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தது, பொருளாதாரமும் விரிந்தது. வெளிநாட்டான் எழுந்த நாற்காலியில் உள்நாட்டான் தானாக வந்து உட்காருவதில்லை. அரசுக்கே இது தெரிந்ததால்தான் 2019-ல் தொழிற்சாலைகளுக்கு அந்த வரியை ஐந்து வருடத்துக்குத் தானே ஏற்றுக்கொண்டது.

இது அரபு நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவம் அல்ல. ஐரோப்பாவில் ஜெர்மனி 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த செட் வரும் என்பது திட்டம். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், வெளிநாட்டவர் குறைவார்கள் என்று எண்ணி. நடந்தது வேறு. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது என்றானதும் யாரும் போகவில்லை. மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். 1973-ல் சுமார் 40 லட்சமாக இருந்த வெளிநாட்டு மக்கள்தொகை 1980-ல் 44 லட்சத்தைத் தாண்டியது. இன்று ஜெர்மனியில் இத்தனை மஸ்ஜிதுகள் இருப்பதற்கு ஒரு வகையில் அந்தத் தடையும் காரணம்! போகவும் வரவும் முடிந்தால் மனிதன் போவான், வருவான். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவன் உள்ளேயே தங்கிவிடுவான். வளைகுடாவில் குடியுரிமை கிடையாது, குடும்பத்தை வரவழைப்பதும் எளிதல்ல. அதனால் அங்கே தங்கிவிடுபவர் ‘கல்லிவல்லி’ ஆகிறார். இகாமா இல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, தகப்பன் மய்யித்துக்குக்கூட வர முடியாமல் இருப்பவர்களை நம் மஹல்லாவிலும் அறிவோம்.

இனி, தொழிலாளியின் பாதுகாப்புக்காகவே போட்ட சட்டங்களுக்கு வருவோம். இவற்றில் நல்ல பலன் தந்தவை உண்டு, அல்ஹம்துலில்லாஹ். அவை ஏன் பலன் தந்தன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கத்தாரில் உலகக் கோப்பைக்காகக் கட்டடங்கள் எழுந்தபோது உலகம் முழுவதும் விமர்சனம் எழுந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் தோஹாவில் அலுவலகம் திறந்தது. அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. வெயில் விதி அவற்றில் ஒன்று. 2021 முதல், ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலை கிடையாது. நேரம் எதுவானாலும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு 32.1-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். கத்தார் செம்பிறைச் சங்கத்தின் தொழிலாளர் மருத்துவமனைகளுக்கு வெப்ப நோயோடு வந்தவர்கள் 2020 கோடையில் 1,520 பேர், 2021-ல் 620, 2022-ல் 351. இவை வெறும் எண்கள் அல்ல, யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்.

அதே கத்தார் 2020-ல் இன்னொரு சட்டமும் போட்டது: பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமலே வேலை மாறலாம். இரண்டு வருடத்தில் சுமார் மூன்றரை லட்சம் வேலை மாற்றங்கள் அங்கீகரிக்கப்பட்டன. சிறிய விஷயம் அல்ல. என்றாலும் புகார்கள் நிற்கவில்லை. ராஜினாமா கொடுத்தவனுடைய இகாமாவை ரத்து செய்வது, ஓடிப்போனான் என்று பொய்ப் புகார் கொடுப்பது, சட்டம் கேட்காத கையெழுத்தைக் கேட்டு இழுத்தடிப்பது எல்லாம் நடந்தன.

இரண்டும் ஒரே நாட்டுச் சட்டம்தான். வித்தியாசம் எங்கே? வெயில் விதிக்குத் தொழிலாளி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. காலை 10 மணிக்குப் பிறகு சாரத்தில் ஆள் நின்றால் சாலையில் போகிற இன்ஸ்பெக்டருக்கே தெரியும். வேலை மாறும் சட்டத்துக்கோ, தொழிலாளி முதலில் வாய் திறக்க வேண்டும். சாப்பாடு, தங்குமிடம், இகாமா எல்லாம் கொடுக்கும் அதே ஆளுக்கு எதிராக முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். ஊரில் கடன் இருப்பவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? ஒரு சட்டம் யாரை முதலில் நகரச் சொல்கிறது என்று பார்த்தால், அது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது என் கருத்து.

சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அமீரகம் 2009-ல் தொடங்கியது. சவூதியும் கத்தாரும் பின்னர் கொண்டுவந்தன. சம்பளம் தாமதமானால் அரசின் கம்ப்யூட்டருக்கே தெரிகிறது. கூலியைத் தாமதிக்காதே என்ற நம் மார்க்கக் கட்டளையை ஒரு எந்திரம் நினைவூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏ.டி.எம். கார்டையே முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால்? கணக்கில் முழுச் சம்பளம் ஏறும்; கையில் பாதி வரும்; கம்ப்யூட்டருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். கார்டும் ரகசிய எண்ணும் உங்கள் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கின்றனவா என்று போனில் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போல இதையும் கேளுங்கள்.

அமீரகத்தின் 2011 மாற்றம் நமக்கு இன்னொன்றைச் சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று அந்த ஜனவரியில் விதி வந்தது. சம்பளப் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் வருமானம் கூடியிருந்தது. நாட்டை விட்டுப் போவது குறைந்திருந்தது. போய்விடுவான் என்ற பயத்தில் முதலாளிகளே கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதே சமயம் புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது. புதிதாக வந்தவர்களின் சம்பளமும் இறங்கியது. ஒரு வீட்டில் மூத்தவர் துபாயில் பத்து வருடமாக இருக்கிறார், இளையவர் இப்போதுதான் போகப் போகிறார் என்றால், ஒரே சட்டம் காக்காவுக்கு நன்மையாகவும் தம்பிக்குச் சுமையாகவும் முடியலாம். “அண்ணனுக்கு நல்லா இருக்கே” என்று பார்த்துத் தம்பிக்குக் கடன் வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது சவூதிக்கே திரும்புவோம், ஏனென்றால் நமக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அந்த நாட்டுக்குத்தான். 2021 மார்ச் 14 முதல் அங்கே சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒரு வருடம் வேலை பார்த்தவர் கபீலின் சம்மதம் இல்லாமல் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ரீ-என்ட்ரி, ஃபைனல் எக்ஸிட் எல்லாம் தானே எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்தச் செய்திதான். அதில் விட்டுப்போன ஒரு வரி இருக்கிறது. வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், வீட்டுக் காவலாளி, ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், தோட்டம் மற்றும் விவசாய வேலை செய்பவர் ஆகியோருக்கு இந்தச் சீர்திருத்தம் பொருந்தாது. அவர்கள் தொழிலாளர் சட்டத்துக்கே வெளியே, தனி விதிகளின் கீழ் வைக்கப்பட்டவர்கள்.

நம் பையன்களில் எத்தனை பேர் ஹவுஸ் டிரைவர் விசாவில் போகிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். படிப்பு குறைவு, லைசென்ஸ் இருக்கிறது, விசா விலையும் கம்மி என்று அதை எடுக்கிறார்கள். ‘கபீல் முறை போய்விட்டது’ என்ற செய்தி யாரைப் பற்றிச் சொல்கிறதோ, அவர்களில் இவர்கள் இல்லை. கபீலின் வீட்டு வாசலில் ஒரு சின்ன அறை, இரவு பன்னிரண்டு மணிக்கும் வண்டி எடுக்க வேண்டும், கோபித்துக்கொண்டு வெளியேறினால் ‘ஹுரூப்’. வீட்டுக்குள் நடக்கும் வேலையை இன்ஸ்பெக்டர் சாலையிலிருந்து பார்க்க முடியாது. அவர்களுக்கும் சில முன்னேற்றம் வந்திருக்கிறது. வீட்டுத் தொழிலாளர் சம்பளத்தையும் மின்னணு முறையில் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையிலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். கெட்ட கபீல்கள்தான் எல்லாரும் என்றும் நான் சொல்ல வரவில்லை. தன் டிரைவரை உம்ராவுக்கு அனுப்பி வைத்து, அவன் மகள் நிக்காஹுக்குப் பணம் கொடுத்த கபீல்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல மனிதர் கிடைப்பது நஸீப். சட்டத்தை மதிப்பிடும்போது மோசமான மனிதர் கிடைத்தால் என்ன ஆகும் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கும், முக்கியமாக வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள். விசா தாளில் தொழில் என்ன என்று அரபியில் அச்சிட்டிருக்கும். ஜபர், ஜேர் இருக்காது. என்றாலும் குர்ஆன் ஓதத் தெரிந்த யாரும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ‘ஸாயிக் காஸ்’ என்றால் வீட்டு டிரைவர். ‘ஆமில் மன்ஸிலி’ என்றால் வீட்டு வேலை. ‘ராஈ’ என்றால் மேய்ப்பவர். ‘முஸாரிஃ’ என்றால் விவசாய வேலை. ஏஜெண்ட் சூப்பர் மார்க்கெட் வேலை என்று வாயால் சொல்லி, தாளில் இந்தச் சொற்களில் ஒன்று இருந்தால், அங்கே செல்லுபடியாவது தாள்தான். ‘ஃப்ரீ விசா’, ‘ஆசாத் விசா’ என்று விற்பதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. யாரோ ஒரு கபீலின் பெயரில் விசா, வேலை வேறு இடத்தில், மாதாமாதம் கபீலுக்கு ஒரு தொகை. இப்படிப் போனவருக்கு மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் கிடையாது, ஏனென்றால் அவர் செய்யும் வேலையே சட்டத்துக்குப் புறம்பானது. 2013-ல் பொதுமன்னிப்புக் காலம் முடிந்து நவம்பரில் சோதனை தொடங்கியபோது முதலில் மாட்டியவர்கள் இந்த மாதிரி ஆட்கள்தான். அந்த வருடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள்.

நம் நாட்டு விதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதிவுபெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று ரசீதோடு கேளுங்கள். ஏஜெண்டின் பதிவு எண் உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது; விபத்தில் மரணம் நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். பிரீமியம் சில நூறு ரூபாய்தான். காப்பீடு பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை அறிவேன். இது அரசு விதியின்படி கட்டாயமாக எடுக்கவேண்டியது என்பதால் குறிப்பிடுகிறேன். மேலும் விளக்கம் வேண்டுபவர்கள் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

டிரஸ்ட் நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவின்படி, இனி விசா கடனுக்கு விண்ணப்பிப்பவர்கள் விசா நகல், வேலை ஒப்பந்த நகல், ஏஜெண்டின் பதிவு எண் மூன்றையும் இணைக்க வேண்டும். கடன் தேவையில்லாதவர்களும் தாளைப் படித்துத் தெரிந்துகொள்ள மட்டும் வரலாம். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் அரபி படித்தவர் ஒருவர் இருப்பார். பணம் கொடுப்பதற்கு முன் வாருங்கள். கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு நாங்கள் செய்ய முடிவது மிகக் குறைவு.

வஸ்ஸலாம்.
செயலாளர்